கையை எடுக்கவும்

பெரிய வீதியில் ஐந்து கேக் கடைகள் இருக்கின்றன. ஐந்துக்கும் வெவ்வேறு பெயர், வெவ்வேறு நிறப் பெட்டி, வெவ்வேறு விலை. ஆனால் ஐந்து கடைக்கும் கேக் போவது பின் சந்தில் இருக்கும் ஒரே கூடத்திலிருந்துதான். பெயர்ப்பலகை இல்லாத அந்தக் கூடத்தில்தான் நான் வேலை பார்க்கிறேன். கேக்கின் மேல் எழுதுவதும் படம் ஒட்டுவதும் என் பொறுப்பு. வாங்குகிறவர்களுக்கு இந்த விஷயம் தெரியாது. என் அக்காவுக்கும் தெரியாது. நான் ஏதோ ஒரு சின்ன பேக்கரியில் இருப்பதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். அதனால்தான் இருப்பதிலேயே விலை கூடிய கடையாகப் பார்த்து, என் கண்ணில் படாத இடம் என்று நம்பி, ஆர்டர் கொடுத்திருக்கிறாள்.

சனிக்கிழமை வந்துவிட்டால் எங்கள் ஊருக்குத் தலைகால் புரியாது. பகல் பன்னிரண்டுக்கு மேல் பெரிய வீதியில் வண்டி விட மாட்டார்கள். மூலைக்கு ஒரு வாத்தியக் குழு நிற்கும். பலூன் விற்கிறவர்கள், முகத்தில் வண்ணம் தீட்டுகிறவர்கள், ஆடுகிறவர்கள், ஆடுவதைப் படம் எடுக்கிறவர்கள். வீதியின் இரு பக்கமும் உள்ள மண்டபங்களில் எப்படியும் இருபது முப்பது பிறந்தநாள் நடக்கும். நான் சொல்லப்போகும் சனிக்கிழமை மட்டும் எங்களுக்கு நாற்பத்தோரு ஆர்டர்.

இருபத்தேழாவது சீட்டை நான் எடுத்தபோது மணி பதினொன்றரை. சீட்டில் இப்படி இருந்தது: "மூன்றடுக்கு, எண்பது பேருக்கு. வெனிலா. மேல்தட்டில் படம். படத்தில் உள்ள கையை எடுக்கவும். நேரில் வந்து அடுக்கித் தர வேண்டும். மாலை ஐந்து." கீழே கடையின் முத்திரை. சீட்டில் யார் பெயரும் இருக்காது. படங்கள் எண் போட்டுக் கணினியில் வந்து விழும்.

நான் வேலை செய்யும் முறையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது புரியாது. படத்தில் எதையாவது அழிக்க வேண்டுமென்றால் முழுப் படத்தையும் பார்க்க மாட்டேன். அழிக்க வேண்டிய மூலையை மட்டும் பல மடங்கு பெரிதாக்கிக்கொள்வேன். மாலை வகுப்பில் படித்த முறை அது. பெரிதாக்கிவிட்டால் மூக்கு, கண், விரல் எதுவும் இல்லை. வெறும் நிறச் சதுரங்கள்தான். பக்கத்துச் சதுரத்தின் நிறத்தை எடுத்து இந்தச் சதுரத்தில் ஒட்ட வேண்டும். பொறுமை இருந்தால் போதும். வேறு திறமை எனக்கு இருக்கிறதா என்று தெரியாது, பொறுமை இருக்கிறது.

விரல்களை முதலில் எடுத்தேன். பிறகு புறங்கை. மணிக்கட்டில் ஒரு தழும்பு, முக்கோண வடிவம். தழும்பு இருந்தால் நிறம் சீராக வராது, கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகும் என்று மட்டும் நினைத்தேன். எடுத்துவிட்டேன். வேலை சுத்தமாக வந்திருந்தது. எனக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகுதான் படத்தை வட்டத்துக்குள் பொருத்துவதற்காகச் சிறிதாக்கினேன்.

திரையில் என் அக்கா மகன் சிரித்துக்கொண்டிருந்தான்.

அது நான் எடுத்த படம். எங்கள் வீட்டுக் கட்டில் மேல் அவன் எகிறிக் குதித்தபோது என் கைபேசியில் எடுத்து அக்காவுக்கு அனுப்பியது. அவன் விழுந்துவிடாமல் பக்கத்திலிருந்து இடுப்பைப் பிடித்திருந்தது அம்மாவின் கை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பதினெட்டு வருடமாகப் படுக்கை விரிப்பு தேய்க்கும் கை. அந்தத் தழும்பு சூடான இஸ்திரிப்பெட்டி முனை பட்டது. சின்ன வயதில் அந்த முக்கோணத்தின் மேல் விரல் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன். அதை நானே, கூடுதலாக ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டு, தடம் தெரியாமல் துடைத்திருக்கிறேன்.

புதன்கிழமைதான் அக்கா ஃபோன் செய்திருந்தாள். "இந்த வருஷம் ஒண்ணும் கிடையாதும்மா. அவருக்கு வேலை ஜாஸ்தி. குட்டிக்கும் சளி. வீட்டோட இருந்துடலாம்னு" என்றாள். அம்மா உடனே, "அதுவும் சரிதான், மூணு வயசுப் புள்ளைக்கு என்ன ஆர்ப்பாட்டம்" என்று சொல்லிவிட்டு, கஷாயம் எப்படிக் காய்ச்சுவது என்று கால் மணி நேரம் விளக்கினாள். சளி இருக்கிற பிள்ளைக்கு மூன்றடுக்கு கேக். எண்பது பேருக்கு.

கோபம் எனக்குச் சட்டென்று வராது. முதலில் சந்தேகம்தான் வரும். ஒருவேளை அத்தான் கொடுத்த ஆர்டரோ, மாமியார் வேலையோ, நான்தான் அவசரப்படுகிறேனோ என்று யோசித்தேன். படம் எந்த எண்ணிலிருந்து வந்தது என்று கடைக்குக் கேட்டேன். கடைக்காரப் பெண் எண்ணை வாசித்தாள். முதல் நான்கு இலக்கத்திலேயே தெரிந்துவிட்டது. அக்காவின் எண். அதன் பிறகு வந்த கோபம் இன்றுவரை முழுதாக இறங்கவில்லை.

அழித்ததைத் திரும்பக் கொண்டுவரும் விசையை அழுத்தினேன். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு துண்டு திரும்பி வந்தது. முதலில் தழும்பு, பிறகு புறங்கை, கடைசியில் விரல்கள். பத்தொன்பது முறை அழுத்தினேன். கையோடு சேர்த்து, கேக்கோடு தின்னக்கூடிய சர்க்கரைத் தாளில் அச்செடுத்தேன்.

மாஸ்டர் பின்னால் வந்து நின்றார். எங்கள் கூடத்தில் கேக் சுடுகிறவர்களுக்குத் தலைவர். நான் வகுப்புக்குப் போவதால் எனக்கு அவர் வைத்த பெயர் வாத்தியார்.

"என்ன வாத்தியாரே, சீட்டுல கையை எடுன்னு போட்டிருக்கு. கண்ணு அவிஞ்சு போச்சா?"

"எடுத்தா புள்ள விழுந்துடும் மாஸ்டர்."

"கேக்கு மேல இருக்கிற புள்ள எங்கடா விழப்போகுது? க்ரீம்லயா?" என்று அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி சரி, ஏச்சு வந்தா உன் தலையிலதான். நான் பார்க்கவே இல்ல" என்று அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

அம்மாவுக்கு ஃபோன் செய்ய நான்கு முறை எடுத்தேன். என்ன சொல்வது? "அம்மா, பேரனுக்கு விழா நடக்குது, உன்னைக் கூப்பிடல" என்றா? சரியான வாக்கியம் கிடைத்ததும் சொல்லலாம் என்று வைத்துவிட்டேன். அடுக்குகளைத் தட்டிச் சமன் செய்தேன். ஓரங்களுக்குக் கரை போட்டேன். கை அது பாட்டுக்கு வேலை செய்தது.

நான்கு மணிக்கு மூன்று பெட்டிகளையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். வண்டி போகாத வீதியில் கேக் கொண்டுபோவது கொடுமை. ஒரு குழு முரசு அடித்துக்கொண்டு குறுக்கே வந்தது. முகத்தில் புலிக் கோடு போட்ட ஒரு பெரிய மனிதர் என் பெட்டியைத் தட்டி, "தம்பி, யாருக்குப் பிறந்தநாள்?" என்று கேட்டார். பதில் சொன்னால் கத்திவிடுவேன் என்று தோன்றியது. தள்ளிக்கொண்டே போனேன். ஊர் முழுக்கச் சிரித்த முகம். என்னால் அன்றைக்கு அத்தனை பல்லையும் பொறுக்க முடியவில்லை.

மண்டபம் மூன்றாவது மாடியில். வேலைக்காரர்களுக்கான பின் லிஃப்டில் ஏறி, சமையலறைக்கும் மண்டபத்துக்கும் நடுவில் உள்ள நடைபாதையில் கேக்கை அடுக்கினேன். கதவில் இருந்த வட்டக் கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்தது. நீலமும் வெள்ளையுமாகப் பலூன் வளைவு. பட்டுத்துணி சுற்றிய நாற்காலிகள். அத்தானுடைய அம்மா நடுவில் நின்று யாரையோ விரல் நீட்டி ஏவிக்கொண்டிருந்தார்.

படத்தை மேல்தட்டில் ஒட்டி, விரலால் நீவி முடித்தபோது கதவு திறந்தது. கேக் வந்துவிட்டதா என்று பார்க்க அக்கா வந்தாள். முதலில் கேக்கைத்தான் பார்த்தாள். அடுத்ததாக அந்தக் கையை. கடைசியாகத்தான் என்னை.

"நீ எங்கடா இங்க?"

"சளி எப்படி இருக்கு உன் மகனுக்கு?"

அவள் கதவைச் சாத்தினாள். "சத்தம் போடாத. யாரு உன்னை வரச் சொன்னது?"

"நீதான். நேரில் வந்து அடுக்கித் தரணும்னு எழுதியிருக்கியே. வந்து அடுக்கிட்டேன். எண்பது பேருக்கு இடம் இருக்கு, பெத்தவளுக்கு ஒரு நாற்காலி இல்லையா உனக்கு?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரிஞ்சதெல்லாம் போதும்க்கா. கூப்பிடல, சரி. மறந்துட்டேன்னு நினைச்சிருப்பேன். கையை எடுக்கச் சொன்னே பாரு. அந்தக் கை இல்லேன்னா அன்னைக்கு அவன் மண்டை உடைஞ்சிருக்கும்!"

"மெதுவாப் பேசுடா!" அவளுக்கும் முகம் சிவந்துவிட்டது. "போன வருஷம் நீ வரல. பரீட்சைன்னு படுத்துக்கிட்டே. அன்னைக்கு அம்மா என்ன பண்ணாங்க தெரியுமா?"

தெரியும். அம்மாவே சொல்லியிருந்தாள். சும்மா உட்கார முடியாமல் எழுந்து, விருந்தாளிகள் சாப்பிட்ட தட்டுகளை எடுத்துப் போட்டிருக்கிறாள். யாரோ ஒருவர் மண்டபத்து ஆள் என்று நினைத்து அவள் கையில் ஒரு நோட்டைத் திணித்திருக்கிறார். எப்படி மறுப்பது என்று தெரியாமல் அம்மா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, "உங்கக்கா வீட்டு விருந்துல எனக்குச் சாப்பாடும் போட்டுச் சம்பளமும் குடுத்தாங்கடா" என்று சொன்னாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"என் மாமியார் பக்கத்துல நின்னு பார்த்துட்டாங்க" என்றாள் அக்கா. "ஒரு வருஷமா அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுறாங்க. 'உங்கம்மாவைக் கூப்பிடும்மா, ஆள் கூலி மிச்சம்'னு. நேத்துக்கூட. அதை அம்மா காதுல விழ வைக்கணுமா நான்?"

"அப்போ உன் மாமியாரை வராதீங்கன்னு சொல்லியிருக்கணும். அம்மாவை ஏன் சொன்னே?"

"மண்டபமே அவங்க எடுத்தது!"

"அதைச் சொல்லு. விருந்து அவங்களோடது. நீயும் அங்க விருந்தாளிதான். அதான் கை உறுத்துது உனக்கு."

இதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அப்படி நினைக்கவில்லை. அவளுக்கு வலிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன், வலித்தது. பிறகு தாழ்ந்த குரலில், "அந்த இடத்துல ஒரு ரோஜா போட்டு மூடிடு. க்ரீம் வச்சிருக்கல்ல. உன் காலைப் பிடிக்கிறேன்" என்றாள்.

க்ரீம் பை என் கையில்தான் இருந்தது. ஒரு நிமிட வேலை. அழுத்தினால் அம்மாவின் மணிக்கட்டு மேல் ஒரு பூ.

"போடுறேன்" என்றேன். "ஆனா நீ இப்பவே அம்மாவுக்கு ஃபோன் பண்ணணும். விழா நடக்குது, நீ வர வேண்டாம்னு உன் வாயால சொல்லணும். பொய்யில்லாம சொல்லு. சொல்லி முடிச்ச அடுத்த நிமிஷம் ரோஜா போடுறேன்."

அவளால் முடியாது என்று நினைத்தேன். அழுதுகொண்டு ஓடிப்போவாள், நான் ஜெயிப்பேன் என்று நினைத்தேன். ஆனால் அவளும் அதே அம்மாவுக்குப் பிறந்தவள்தானே. என் கண்ணைப் பார்த்துக்கொண்டே எண்ணை அழுத்தினாள்.

"அம்மா... வேலையிலயா? ஒண்ணு சொல்லணும்... இல்ல, குட்டி நல்லா இருக்கான். சளியெல்லாம் இல்ல. பொய் சொன்னேன்... இன்னைக்கு மண்டபத்துல பிறந்தநாள் வச்சிருக்கோம். உன்னைக் கூப்பிடல. கூப்பிடாம இருந்தா நல்லதுன்னு... நான்தான். அவங்க யாரும் சொல்லல. நான்தான்..."

பிறகு அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் சலவை இயந்திரங்களின் இரைச்சல் எனக்கே கேட்டது. பேச்சு கேட்கவில்லை. அக்கா மட்டும், "தம்பி சொல்லச் சொன்னான். அவன்தான் கேக்கு கொண்டுவந்தான்" என்றாள். சட்டென்று கைபேசியை என்னிடம் நீட்டினாள்.

"அம்மா" என்றேன். எனக்கு ஆதரவாக ஏதோ கேட்கப்போகிறேன் என்று காத்திருந்தேன்.

"அந்த ஆர்டரை எத்தனை மணிக்குப் பார்த்தே?" என்று கேட்டாள் அம்மா.

"பதினொண்ணரைம்மா."

"இப்ப மணி என்ன?"

"நாலு நாப்பது."

"அஞ்சு மணி நேரம். அஞ்சு மணி நேரம் தெரிஞ்சே வச்சுக்கிட்டு கேக்கு செஞ்சிருக்கே. பூவெல்லாம் போட்டியா?"

"அம்மா, எப்படிச் சொல்றதுன்னு..."

"அவ என்னடான்னா என் மானத்தைக் காப்பாத்தறாளாம். நீ என்னடான்னா எனக்காகச் சண்டை போடறியாம். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்க ரெண்டு பேருக்கும் வாய் வரல. நான் என்ன, நீங்க ரெண்டு பேரும் இழுத்து விளையாடற துணியா?"

ஃபோன் வைக்கப்பட்டது.

நானும் அக்காவும் கேக்குக்கு இரண்டு பக்கமும் நின்றோம். உள்ளே யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். நான் அக்காவின் மேல் வைத்திருந்த கோபம் எங்கும் போகவில்லை. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அது என் மேல்.

"போடு இல்ல போடாத. என்னவோ பண்ணு" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனாள். நான் க்ரீம் பையைச் சுருட்டிப் பெட்டிக்குள் போட்டேன். ஐந்து மணிக்கு மண்டபத்து ஆட்கள் இரண்டு பேர் வந்து கேக்கை உருட்டிக்கொண்டு போனார்கள். கை இருந்தபடியே இருந்தது.

என் வேலை அத்தோடு முடிந்தது. போயிருக்கலாம், ஆனால் போகவில்லை. அம்மாவுக்கு மூன்று முறை ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை. வட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கேக்கைச் சுற்றிக் கூட்டம். குட்டி ஒரு நாற்காலியில் ஏறி நின்று படத்தில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அத்தான் குனிந்து பார்த்து, அந்த இடத்தைச் சுட்டி அக்காவிடம் ஏதோ கேட்டார். அக்கா அவரிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அவர் நிமிர்ந்து அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

ஐந்து இருபதுக்கு என் கைபேசி அடித்தது.

"எந்த மண்டபம்?" என்று கேட்டாள் அம்மா. பின்னால் முரசுச் சத்தம். இயந்திரச் சத்தம் இல்லை. சலவைக்கூடத்தை விட்டு வெளியே வந்திருந்தாள்.

மண்டபத்தைச் சொன்னேன்.

"உங்க ரெண்டு பேருக்காகவும் வரல. என் பேரனுக்குப் பிறந்தநாள், அதுக்கு வர்றேன். வழி சொல்லு."

எனக்கு வழி சொல்ல நன்றாக வரும். படபடவென்று சொன்னேன். "ஆஸ்பத்திரி முனையில கூட்டம் அதிகம்மா, மருந்துக்கடைச் சந்துல திரும்பு. அப்படியே நேரா வந்தா கட்டடத்தோட பின்பக்கம் வரும். அங்க இரும்புக் கதவு ஒண்ணு இருக்கு, அதுல வந்துடு. உள்ளேயே லிஃப்ட், நேரா சமையலறைப் பக்கம்..."

அந்தப் பக்கம் நடை நின்றது. முரசு மட்டும் கேட்டது.

"எந்தக் கதவுல வரணும்னு சொன்னே?"

நான் இதை வேண்டுமென்று சொல்லவில்லை. அது பக்கம் என்பதால் சொன்னேன். அது உண்மை. அந்த உண்மையை அவளிடம் சொல்ல வாயைத் திறந்தேன், பிறகு மூடிக்கொண்டேன்.

"முன் கதவும்மா" என்றேன். "பெரிய வீதியிலேயே வா. முன் கதவுல நான் நிக்கிறேன்."

அவள் ஃபோனை வைத்தாள்.

பின் லிஃப்டில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போயிருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்க மாட்டேன். கதவைத் தள்ளிக்கொண்டு மண்டபத்துக்குள் நடந்தேன். மேலங்கியில் க்ரீம், கையில் நீல வண்ணம். பட்டு நாற்காலிகளுக்கு நடுவே எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். "தம்பி, தண்ணி கொண்டு வாப்பா" என்றார் ஒருவர். "நான் குட்டியோட மாமா" என்றேன். தேவையில்லாத அளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னேன். அத்தானின் அம்மா திரும்பினார். அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என் கையைப் பிடித்தாள்.

"வர்றாங்களா?"

"உன்கிட்ட சொல்லச் சொல்லல."

"டேய், வர்றாங்களா?"

"ஆமா."

அவள் கையை விட்டாள். மேடைப் பக்கம் திரும்பி, மைக் வைத்திருந்தவரிடம், "இன்னும் ஆள் வரணும். அவங்க வராம கேக்கு வெட்ட மாட்டோம்" என்றாள். அது எல்லோருக்கும் கேட்டது. யார் வரணும் என்று மாமியார் கேட்டது என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. பதிலைக் கேட்க நான் நிற்கவில்லை.

முன் படிகளில் இறங்கி, கண்ணாடிக் கதவை அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். வீதியில் விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. அந்தக் கூட்டத்தில் அவளைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பயமாக இருந்தது. முடிந்தது. வேலைக்குப் போகும் நீல உடுப்பிலேயே வந்தாள். முகத்தைக்கூடக் கழுவவில்லை. ஆடுகிறவர்கள் யாருக்காகவும் அவள் ஒதுங்கவில்லை. அவர்கள்தான் ஒதுங்கினார்கள்.

படியேறி என் பக்கத்தில் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எத்தனாவது மாடி?" என்றாள்.